பாலைவனத்தில் நின்ற கேந்திக் கப்பல்

ஜூன் 10, செவ்வாய்

செவ்வாய்க்கிழமை மட்டும் திருவனந்தபுரம் ஆபீஸ். மற்ற நாலு நாளும் தாழக்குடி வீட்டு மாடி அறைதான் ஆபீஸ். காலை ரயிலில் கூட வேலை பார்க்கும் ஜாஸ்மிக்கு இடம் பிடித்து வைத்தேன். கடலோர இனயத்துக்காரி, குழித்துறையில் ஏறுவாள், ஏறிய நிமிடமே தூங்குவாள், ஆபீஸ் இருக்கும் கழக்கூட்டம் வந்ததும் நான்தான் உலுக்கி இறக்க வேண்டும். இன்றும் அதுதான் நடந்தது.

மேசையில் முப்பத்தெட்டு பெயர்கள். எங்கள் வெளிநாட்டு வங்கி வழியாக யாருக்குப் பணம் போனாலும் அந்தப் பெயரைக் கம்ப்யூட்டர் தடைப்பட்டியலோடு ஒப்பிடும். தீவிரவாதிகள், தடை விதிக்கப்பட்ட நாட்டுக் கம்பெனிகள், திருட்டு எண்ணெய் ஏற்றும் கப்பல்கள் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கொஞ்சம் ஒத்துப்போனாலும் கூச்சல் போடும். பட்டியலில் இல்லாத கப்பலானாலும் நடமாட்டம் சரியில்லையென்றால் கூச்சல்தான். நிஜமான ஆள்தானா, ஆள் மாறிவிட்டதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. இன்று மாட்டியவர் ஷார்ஜாவில் பஃப்ஸ் போடும் பேக்கரிக்காரர். பட்டியலில் இருப்பவருக்கு எழுபது வயது, இவருக்கு இருபத்தொன்பது. "வேறு ஆள்" என்று எழுதி மூடினேன்.

அப்பா ஊரில் சொல்லி வைத்திருப்பது வேறு. "நம்ம பிள்ளைக்குத் தீவிரவாதியளப் பிடிக்கப்பட்ட வேலை." அதன் பலனைச் சாயங்காலம் அனுபவித்தேன். பக்கத்துத் தெரு முருகதாஸ் மாமா ஒரு துண்டுச் சீட்டோடு வந்தார். மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறதாம். "ஒங்க லிஸ்டுல இவன் இருக்கானான்னு ஒரு பார்வ பாத்துச் சொல்லு மக்கா." அப்படியெல்லாம் பார்க்க முடியாது என்றேன். மாமாவுக்கு முகம் வாடிவிட்டது. "அப்பம் ஜாதகம் மட்டும் பாத்தாப் போருமா?" என்று கேட்டுக்கொண்டே போனார்.

ஜூன் 13, வெள்ளி

நாள் குறித்தாகிவிட்டது. ஆவணி பதின்மூன்று, வெள்ளிக்கிழமை. ஆகஸ்ட் 29. எனக்குக் கல்யாணம்! இதை எழுதிவிட்டு இரண்டு முறை வாசித்தேன்.

மாப்பிள்ளை சுதன் எண்ணெய்க் கப்பலில் செகண்ட் எஞ்சினியர். ஜூலை 31இல் அவர் இறங்க வேண்டும், மாற்று ஆள் ஏற வேண்டும். கப்பல் பெயர் ஸீ மரிகோல்ட். மரிகோல்ட் என்றால் என்ன என்று அப்பா கேட்டார். தோவாளைச் சந்தையில் மாலை மாலையாகத் தொங்குமே, அந்தக் கேந்திப்பூ என்றேன். அன்றிலிருந்து இரண்டு வீட்டிலும் அது கேந்திக் கப்பல்தான்.

சுதனின் அம்மா அழகம்மை அத்தை தேரூரில் தனியாக இருக்கிறார். தினமும் காலையில் குளித்து விளக்கேற்றி, அடுத்து போனில் கப்பல் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் காப்பி. கடல் முழுக்கக் கப்பல்கள் குட்டிக்குட்டி அம்புக்குறிகளாய்த் தெரியும் இலவச ஆப் ஒன்றை சுதனே இறக்கிக் கொடுத்திருக்கிறார்.

இரவுச் செய்தியில் ஈரான் பக்கம் சண்டை. கப்பல் அந்தக் கடலோரத்தில்தான் இருக்கிறது. அம்மா டிவியை அணைத்தாள், அப்பா போட்டார். மறுபடி அணைத்தாள்.

ஜூன் 16, திங்கள்

சுதன் பேசினார். அப்பாடா.

"எங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஃபுஜைராவுல நங்கூரம் போட்டுக் கெடக்கோம். வெயிலுதான் கொல்லுது. அதவிடக் குக்கு கொல்லுகான். சாம்பார்ல சீனி போட்டிருக்கான்."

எங்கே, எப்போது, என்ன சாப்பாடு, பக்கத்தில் என்னென்ன கப்பல் என்று கேட்டுத் துளைத்துவிட்டேன். சிரித்தார். "கஸ்டம்ஸ்காரன்கூட இம்பிட்டு கேக்க மாட்டான்." எனக்குக் கேள்வி கேட்காமல் பேசத் தெரியாது. வேலையும் அதுதான், பிறவியும் அதுதான்.

அப்பா டிவியில் சமாதானப் பேச்சுவார்த்தை பார்க்கிறார். கன்னிப்பூ நெல் நடவுக்குப் பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கடைசி வயல்வரை வரவில்லை என்று வருஷாவருஷம் அதிகாரிகளோடு கூட்டம் போட்டுப் பழகியவர். "பாரு, நம்ம தண்ணிக் கூட்டம் மாதிரித்தான். ரெண்டு பேரும் எந்திச்சுப் போவானுவ, வாசல்ல நிப்பானுவ, ஒருத்தன் டீ குடிக்கக் கூப்பிடுவான், திரும்ப வந்து இருப்பானுவ." அவர் கணக்கில் இன்னும் ஒரு வாரத்தில் சண்டை ஓயும்.

ஜூன் 19, வியாழன்

முகூர்த்தச் சேலை பச்சை என்கிறாள் அம்மா. அரக்கு என்கிறார் அத்தை. நடுவில் நான் ஐ.நா. சபை. யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஆபீஸ் விஷயத்தை எழுதக் கூடாது. எழுதாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் நோட்டு வெளியாள் இல்லை என்று முடிவு செய்து எழுதுகிறேன்.

காலை பதினொன்றரை. பதினேழாவது பெயர். கப்பல்: ஸீ மரிகோல்ட்.

முதலில் சிரித்தேன், அட நம்ம கேந்தி என்று. அப்புறம்தான் வாசித்தேன். எல்லாக் கப்பலும் தான் இருக்கும் இடத்தை ஒரு கருவி மூலம் ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கப்பல் ஜூன் 17 காலையிலிருந்து 18 இரவுவரை முப்பத்தெட்டு மணி நேரம் எங்குமே தெரியவில்லை. நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருக்கும் மென்பொருளில் அந்த இடம் வெறும் வெள்ளை. ஈரான் எண்ணெயை யாரும் வாங்கக் கூடாது என்று அமெரிக்கா தடை போட்டிருக்கிறது. அந்தக் காசு ஆயுதக் குழுக்களுக்குப் போகிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். ஆகவே அதை ரகசியமாய் ஏற்றும் கப்பல்கள் இப்படித்தான் கருவியை அணைத்துவிட்டு ஒளியும். இதை நானே புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

சுதன் சொன்னது நங்கூரம். திரையில் இருப்பது வெள்ளை. சந்தேகப்பட்டேனா? பட்டேன். ஐந்து நிமிடம் பட்டேன். பிறகு சாம்பாரில் சீனி ஞாபகம் வந்தது. இவ்வளவு வெகுளியாகக் குக்கைத் திட்டுகிறவர் திருட்டு எண்ணெய் ஏற்றுவாரா என்று தோன்றியது. ஆனால் இதெல்லாம் சான்று ஆகாது, எனக்கே தெரியும்.

எழுந்து நேரே மேலாளர் அஸ்வதியிடம் போனேன். இந்தக் கப்பலில் நான் கட்டிக்கொள்ளப் போகிறவர் இருக்கிறார், இதை நான் தொடக் கூடாது என்றேன். அவர் திருவனந்தபுரத்துக்காரர், பதற்றம் வந்தால் பேச்சு மலையாளத்துக்குத் தாவிவிடும். "பறஞ்ஞது நன்னாயி. இனி இது ஜாஸ்மியுடெ கையில். நீ ஆரோடும் ஒண்ணும் பறயண்டா, கேட்டோ."

விசாரணை நடப்பது சம்பந்தப்பட்டவர்களுக்குக் கசிந்தால் வேலை போகும், வழக்கும் வரும். கேஸ் முடியும்வரை கப்பல் கம்பெனி எங்கள் வழியாகக் கட்டும் பணம் நிற்கும். பணம் நின்றால் துறைமுகத்தில் சேர்க்கமாட்டார்கள். துறைமுகத்தில் சேர்க்காவிட்டால் ஆள் மாற முடியாது. கப்பலே பட்டியலில் ஏறிவிட்டால் எத்தனை மாதமோ. ஆவணி பதின்மூன்று என்ன ஆகும்? இதையெல்லாம் தெரிந்துகொண்டு நான் வாயை மூடிக்கொண்டு சேலை பார்க்க வேண்டும்.

ரயிலில் ஜாஸ்மியும் நானும் பக்கத்துப் பக்கத்தில். அவள் தூங்கவே இல்லை. சூரை மீன் குழம்பில் மாங்காய் போடலாமா கூடாதா என்று ஒன்றரை மணி நேரம் பேசினோம்.

ஜூன் 26, வியாழன்

முடிவெடுத்துவிட்டேன். சுதனிடம் கப்பலைப் பற்றி ஒரு கேள்விகூட வேண்டாம். எங்கே என்று கேட்டால் வேவு பார்த்ததாகிவிடும். எப்போது வருவீர்கள் என்று கேட்டால் என் குரலே காட்டிக் கொடுத்துவிடும்.

இன்று அவர் பேசியபோது இப்படிப் போனது: "நல்லா இருக்கியா?" "நல்லா இருக்கேன்." "மழ உண்டா?" "உண்டு." "அப்புறம்?" "அப்புறம்... மழ விட்டுட்டு."

வைத்துவிட்டார். இரண்டு நிமிடம் பதினொரு விநாடி.

ஜூன் 28, சனி

மதியம் அத்தை போன் செய்தார். குரலில் வெப்ராளம், ஒரே படபடப்பு.

"மக்களே, கப்பலு கரைக்கு ஏறுமா?"

"தெரியாது அத்தை."

"இல்ல, போன்ல பாத்தேன். ஒரு மாதிரி..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது அத்தை. வேல இருக்கு. வைக்கட்டா?"

வைத்துவிட்டேன். சனிக்கிழமை என்ன வேலை? அத்தைக்கும் தெரியும் சனிக்கிழமை எனக்கு லீவு என்று. அவர் என்ன பார்த்தார் என்று கேட்டிருந்தால்... கேட்கக் கூடாது. கேட்டால் அது ஜாஸ்மியின் கேஸில் கை வைத்ததாகும். கேட்கக் கூடாது, கேட்கக் கூடாது.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா என் தட்டில் சோறு வைத்துக்கொண்டே கேட்டாள். "ஏட்டி, ஒனக்கு இந்த மாப்பிளயப் பிடிக்கலியா? தேரூர்க்காரி அழுகா. பிள்ள முகம் குடுத்துப் பேச மாட்டேங்குன்னு சொல்லுகா."

பிடித்திருக்கிறது என்றேன். "அத இப்பிடி மூஞ்சிய வச்சிக்கிட்டா சொல்லுவாவ?" என்றாள்.

ஜூன் 30, திங்கள்

கெட்டது. ஒன்றும் மிச்சமில்லை.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனுநாள். அத்தை காலையில் பஸ் ஏறி நாகர்கோவில் போய், வாசலில் மனு எழுதுகிறவரைப் பிடித்து, மனு கொடுத்துவிட்டார். ஊரில் வளைகுடாவில் யார் சிக்கினாலும் செய்வதைத்தான் செய்திருக்கிறார். சாயங்காலம் அப்பாவிடம் போனில் முழுதாக வாசித்தும் காட்டினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"என் மகன் வேலை பார்க்கும் கப்பல் இம்மாதம் 17, 18 ஆகிய நாட்களிலும், மீண்டும் 28ஆம் தேதியும் கடலை விட்டு ஏறிப் பாலைவனத்தில் விமான நிலையத்துக்குள் நிற்கிறது. கப்பலை மீண்டும் கடலில் இறக்கி, என் மகனைத் திருமணத்துக்கு முன் மீட்டுத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். இணைப்பு: போனில் எடுத்த படங்கள், ஆறு."

அப்பா போனை வைத்துவிட்டுத் தாடையைத் தடவினார். "கப்பலு கரையேறிட்டுன்னா மாப்பிள நடந்தே வந்திரலாமே" என்றார். அம்மா முறைத்தாள். எனக்கு அடக்கவே முடியவில்லை. மாடிக்கு ஓடி வந்து தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகுதான் அந்தத் தேதிகள் உறைத்தன. பதினேழு, பதினெட்டு.

ஜூலை 1, செவ்வாய்

உள்ளூர்ப் பத்திரிகையில் போட்டோவோடு வந்துவிட்டது. "பாலைவனத்தில் கப்பல்! மகனை மீட்கக் கோரித் தாய் மனு." அத்தை போனை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்கிறார். போன் திரையில் மண் நிறத்தில் ஒரு விமான நிலையம், அதன்மேல் அம்புக்குறிகள் ஈயாய் மொய்க்கின்றன. விடிவதற்குள் எட்டு உறவினர்கள் போன் செய்துவிட்டார்கள். ஒருத்தர் மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டார்களாமே என்றார்.

குழித்துறையில் ஜாஸ்மி ஏறினாள். கையில் அதே பத்திரிகை. என்னைப் பார்த்ததும் மடித்துப் பையில் வைத்தாள்.

"நல்ல போட்டோ" என்றாள்.

"உம்."

"அந்தச் சேல நல்ல கலரு."

அவ்வளவுதான். ஆபீஸில் அவள் கத்தரிக்கோல் தேடினாள். என் மேசையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் எனக்கு நல்ல பழக்கம் வந்துவிட்டது.

ஜூலை 4, வெள்ளி

சுதன் பேசினார். அத்தை எல்லாம் சொல்லிவிட்டிருக்கிறார்.

"ஒன்கிட்ட ஒண்ணு கேக்கட்டா? முன்னால எல்லாம் எங்க இருக்கிய, என்ன தின்னியன்னு ஆயிரம் கேள்வி கேப்ப. பத்துப் பன்னெண்டு நாளா ஒரு கேள்வி இல்ல. அம்மா பயந்து போய்க் கேட்டதுக்கு வேல இருக்குன்னு வச்சிட்ட. இங்க எங்களப் பத்தியும் ஒண்ணும் வெளங்கல, துறைமுகத்துல உள்ள விட மாட்டேங்கான், யாரும் காரணம் சொல்லல. இதுக்க எடையில ஒன்னயும் யோசிக்க எனக்குத் தெம்பு இல்ல. வேண்டாம்னா இப்பமே சொல்லிரு. நான் சங்கடப்பட மாட்டேன்."

வேண்டாம் இல்லை. வேண்டாம் இல்லவே இல்லை. அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், அழுகை வந்துவிட்டது, லைனும் போய்விட்டது. அவருக்கு எது முதலில் கேட்டதோ.

துறைமுகத்தில் ஏன் விடவில்லை என்று கப்பலில் இருக்கிற அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியாது. தாழக்குடி மாடி அறையில் இருக்கிற எனக்குத் தெரியும். எனக்கு என்ன வேலை இது! ஒரு நாட்டைத் திருத்தப் போடுகிற தடை, நேரே வந்து என் கல்யாணத்தில் விழ வேண்டுமா? சட்டம் தப்பு என்று சொல்லவில்லை. உண்மையாகவே திருட்டு எண்ணெய் ஏற்றுகிறவனைப் பிடிக்கத்தானே வேண்டும். நானே எத்தனை பேரைப் பிடித்திருக்கிறேன். ஆனா இது அவரு இல்ல, அவரு இல்லவே இல்ல, யார்ட்ட போய்ச் சொல்லுவேன் நான்!

ஜூலை 8, செவ்வாய்

அஸ்வதி என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். முகம் ஏன் இப்படி இருக்கிறது, காய்ச்சலா என்றார். கேஸைப் பற்றி எதுவும் சொல்லாமல், நான் வீட்டில் கடைப்பிடிக்கும் விதியை மட்டும் சொன்னேன். சுதனிடமும் அத்தையிடமும் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்று.

அஸ்வதி தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றையும் கலந்து திட்டினார். சாரம் இதுதான்: "சொல்லாதே என்றேன். கேட்காதே என்று யார் சொன்னது? ஊரில் எல்லாப் பெண்ணும் கட்டிக்கப் போகிறவனிடம் எங்கே இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்பாள். நீ மட்டும் திடீரென்று கேட்பதை நிறுத்தினால் அதைவிடப் பெரிய தகவல் வேறு உண்டா? கழுத!"

கழுதைதான். சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் விதியை வாசித்து வாசித்து, அதில் இல்லாத ஒரு விதியை நானே எழுதிச் சேர்த்து, அதற்கு நானே கீழ்ப்படிந்தும் இருக்கிறேன்.

நாகர்கோவிலில் இறங்கி, ஸ்டேஷனில் விட்டிருந்த ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு நேராகத் தேரூர். அத்தை வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன்: "அத்தை, அன்னைக்கு நான் போனை வச்சது தப்பு. ஏன்னு மட்டும் கேக்காதிய. ஆனா எனக்கு ஒங்க மவன் வேணும்."

அத்தை கையைத் துடைத்தார். போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். "அப்பம் இந்தா, எங்க நிக்கான்னு நீயே பாரு. ஆறு படமும் இதுக்க உள்ளதான் கெடக்கு."

அந்தப் படங்கள்! ஜாஸ்மியின் கேஸ்! "காட்டாதிய அத்தை, காட்டாதிய!" என்று கத்திக் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

அத்தை வாயைப் பிளந்து நின்றார். பிறகு கிட்டே வந்து என் கையைக் கண்ணிலிருந்து இறக்கினார். "அட சவமே. இம்பிட்டு பயந்தவளா நீ? நான் கொழுப்புன்னுல்லா நெனச்சேன்." அப்படியே அணைத்துக்கொண்டார். பயந்தவளாகவே இருந்துவிட்டேன். சுக்குக் காப்பியும் ஆறு முறுக்கும் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து சுதனுக்குப் போன். எடுத்ததும் கேட்டேன்: எங்கே இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, என்ன சாப்பிட்டீர்கள், சாம்பாரில் இன்னும் சீனியா, தூங்கினீர்களா, எப்போது வருவீர்கள். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருக்கேன்" என்றார். "கேளு. இன்னும் கேளு."

ஜூலை 15, செவ்வாய்

மதியம் குழுவில் எல்லாருக்கும் அஸ்வதி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். கப்பல் பெயர் இல்லை, ஆள் பெயர் இல்லை.

சண்டை நடக்கும் இடங்களில் செயற்கைக்கோள் சமிக்ஞையை யாரோ குழப்புகிறார்களாம். அதனால் கடலில் நங்கூரம் போட்டிருக்கும் கப்பல்கூடத் தன் இடத்தைத் தரையில் இருப்பதாக அறிவிக்கும். நம் மென்பொருள், கப்பல் தரையில் நிற்காது என்ற புத்திசாலித்தனத்தில், அந்தத் தகவலை எல்லாம் தானே அழித்துவிடுகிறது. அதனால் நமக்கு அது காணாமல் போனதுபோல் தெரிகிறது. அண்மையில் உள்ளூர் மொழிப் பத்திரிகைச் செய்தி ஒன்றில் வந்த படத்தில், காணாமல் போனதாகக் கருதப்பட்ட ஒரு கப்பல் அதே மணி நேரத்தில் வேறு நாற்பத்திரண்டு கப்பல்களோடு ஒரே விமான நிலையத்தில் நிற்பது தெரிந்தது. நாற்பத்து மூன்று கப்பல்கள் சேர்ந்து திருட்டு எண்ணெய் ஏற்ற ஓடுதளத்துக்குப் போகாது. அழிக்காத மூலத் தகவலையும் கப்பலின் தினப் பதிவேட்டையும் வாங்கிப் பார்த்ததில் அது நங்கூரத்திலேயே இருந்தது உறுதியானது. இனிமேல் இத்தகைய கேஸ்களில் மூலத் தகவலைக் கேட்டு வாங்காமல் யாரும் முடிவு எழுதக் கூடாது.

அழகம்மை அத்தை! உலகம் முழுவதும் உள்ள எங்கள் அத்தனை ஆபீஸுக்கும் இந்தச் சுற்றறிக்கை போகிறது. ஆறு படம் இணைப்பு வைத்த கை.

நிமிர்ந்தேன். ஜாஸ்மி திரையைப் பார்த்தபடி ரொம்ப மும்முரமாக இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் டிபனில் இருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தாள். "நெய்மீன். அப்பா இன்னைக்குத்தான் கொண்டு வந்தாரு" என்றாள். நான் வெள்ளி செவ்வாய் மீன் தொடமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். தின்றேன். முருகன் மன்னிப்பார்.

ஜூலை 26, சனி

கப்பல் நகர்ந்துவிட்டது. ஆனால் மூன்று வாரம் நின்றதில் எல்லாத் தேதியும் தள்ளிவிட்டது. சுதன் இறங்குவது ஆகஸ்ட் 25க்கு மேல்தான், அதுவும் மாற்று ஆள் வந்தால். அம்மா நாளை மாற்றலாம் என்கிறாள். "மனு குடுத்தவ நான் இருக்கேன், நீ எதுக்குப் பயப்படுக?" என்று அம்மாவை அடக்கிவிட்டார் அத்தை. அழைப்பிதழ் அச்சுக்குப் போய்விட்டது.

மனு வாங்கிய அலுவலர் அத்தைக்குப் போன் செய்து மகனைப் பற்றி விசாரித்தாராம். அவருக்கு முதல் அழைப்பிதழ்.

ஆகஸ்ட் 9, சனி

சேலை அரக்குதான். ஓரம் பச்சை. ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாற்று ஆளுக்கு விசா வரவில்லை. பந்தக்கால் நட்டாகிவிட்டது. அப்பா இன்று டிவி பார்க்கவில்லை, வாசலில் போய்ப் போய் நின்றார். என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "பேச்சுவார்த்த முறிஞ்சாலும் கடைசில தண்ணி வரும் மக்கா. எப்பமும் வந்திருக்கு." அவர் குரலில் பலம் இல்லை. எனக்குத் தூக்கமும் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

வந்துட்டாரு!! அதிகாலை விமானம், திருவனந்தபுரம். கறுத்து, மெலிந்து, கையில் ஒரே ஒரு பை. மற்ற பெட்டி எந்த ஊரில் இருக்கிறதோ. கல்யாண வேட்டிக்கு அளவு எல்லாம் தேவையில்லை, நல்லவேளை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்யாணம் முடிந்து இன்று மூன்றாம் நாள். எழுத இப்போதுதான் நேரம்.

பேச்சிப்பாறையில் சுதனின் சித்தி வீட்டில் விருந்து. இருவரும் ஸ்கூட்டரில் போனோம். அணைக்கட்டுப் பக்கம் நிறுத்தி, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டுப் போகலாம் என்றார். தண்ணீர் நிறைய இருந்தது. நின்றுகொண்டே கப்பல் கதை முழுவதும் சொன்னார். வங்கி பணத்தை நிறுத்தியது, துறைமுகத்தில் விரட்டியது, கேப்டன் கப்பலின் பதிவேட்டை மூன்று முறை பிரதி எடுத்து அனுப்பியது, திடீரென்று ஒருநாள் எல்லாம் சரியென்று கடிதம் வந்தது. நான் கன்னத்தில் கைவைத்துக் கேட்டேன். "அப்பிடியா?" என்றேன். "அய்யோ, அப்பிடியா?" என்றேன். நன்றாகவே செய்தேன் என்றுதான் நினைத்தேன்.

முடித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பன்னெண்டு 'அப்பிடியா' சொல்லிட்ட. எண்ணிக்கிட்டுதான் இருந்தேன். ஒரு 'ஏன்' கூட கேக்கல."

நான் தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டேன்.

"கேப்டன் கம்பெனிக் கடுதாசியக் காட்டுனாரு. ஒங்க பேங்க்ல பணத்த நிப்பாட்டுனது ஜூன் 24. நீ எங்கிட்ட கேள்வி கேக்கத நிப்பாட்டுனதும் அந்த வாரம்தான். கப்பல்ல படுத்துக்கிட்டே கணக்குப் போட்டேன்." சிரித்தார். "நான் ஒன்னப் போயி வேண்டாம்னா சொல்லிருன்னு சொன்னேம் பாரு."

வாயைத் திறந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். "சொல்லாண்டாம். எனக்கும் தெரிஞ்சிக்கிடாண்டாம். வா, சித்தி சோறு போட்டுட்டு நோக்கி இருப்பா."

சாப்பிட்டுத் திரும்பி வரும் வழியில், குலசேகரம் கடைத்தெருவில் ஒரு ஹார்டுவேர் கடையைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். இரும்புப் பெட்டி ஒன்றும் சின்னப் பூட்டு ஒன்றும் வேண்டும் என்றேன். இந்த நோட்டு இப்போது அதற்குள்தான் போகப் போகிறது. அவரே உள்ளே போய்ப் பூட்டைத் திறந்து மூடிப் பார்த்து, இரண்டு சாவி இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்கினார். வெளியே வந்து இரண்டு சாவியையும் என் கையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார்.